ஒரே பாடநூல், இருவேறு அடைவுநிலை

கேள்வி: என் மகள் பினாங்குத் தீவில் ஒரு நகரத் தமிழ்ப்பள்ளியிலும், என் அண்ணன் மகன் எதிரே பெருநிலத்திலுள்ள செபராங் பிறையில் ஒரு பழைய தோட்டத் தமிழ்ப்பள்ளியிலும் மூன்றாம் ஆண்டு படிக்கிறார்கள். பாடநூல் ஒன்றுதான், ஆனால் மகள் கதைப் புத்தகம் படிக்கிறாள், அவன் இன்னும் எழுத்துக்கூட்டுகிறான். அண்ணி படிக்காதவர் என்பதே காரணம் என்கிறார்கள் உறவினர்கள். உண்மைதானா?
- வாசகி, ஜெலுத்தோங்

பதில்: அண்ணியின் மீது பழி போடுவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 1966-இல் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் வெளிவந்த ஆய்வு, பள்ளி வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே மாணவர் அடைவுநிலையோடு நெருங்கிய தொடர்புடையது என்றது. ஆனால் 29 நாடுகளின் தொடக்கப்பள்ளிகளை ஒப்பிட்டு ஹைன்மன், லாக்ஸ்லி ஆகியோர் 1983-இல் வெளியிட்ட ஆய்வு, வருமானம் குறைந்த நாடுகளில் பள்ளியும் ஆசிரியரும்தான் பெரும் பங்கு வகிப்பதைக் காட்டியது. நாடு வளர வளர, பணக்கார நாடுகளுக்கும் ஏழை நாடுகளுக்கும் இடையிலான இந்த வேறுபாடு மங்குகிறது என்று பின்வந்தவர்கள் வாதிட்டனர். நம் மலேசியா இடைப்பட்ட நிலையில் இருப்பதால், வீட்டையும் பள்ளியையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

தோட்டக் குடியிருப்பை நம்பிக் கட்டப்பட்ட பள்ளிகள் பல, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்த பிறகு மாணவர் குறைந்து நிற்கின்றன. மாணவர் குறைவதில் நன்மையும் உண்டு, ஏனெனில் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் ஆசிரியர் அறிவார். ஆனால் எண்ணிக்கை மிகக் குறைந்து, இரண்டு வெவ்வேறு ஆண்டுகளின் மாணவர்களை ஒரே வகுப்பறையில் அமர்த்தி ஒரே ஆசிரியர் கற்பிக்க நேர்ந்தால், பிள்ளைக்கு நேரடியாகக் கிடைக்கும் கற்பித்தல் நேரம் பாதியாகிவிடுகிறது. வாசிக்கப் பழகும் முதல் மூன்று ஆண்டுகளில் இந்த இழப்பு பெரிது. பாலர் பள்ளிக்குப் போகாமல் நேரே முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளைக்கு அது இன்னும் பெரிது. ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் என்ற அரசுத் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. சிறுவர்களின் சுமையைக் குறைத்த நல்ல முடிவுதான், ஆயினும் பின்தங்கியிருப்பதை வீட்டார் தாமதமாகவே அறிகிறார்கள்.

ஆகவே வகுப்பாசிரியரிடம் மதிப்பெண்ணைக் கேட்காமல், பையன் எந்த இடத்தில் தடுமாறுகிறான், எத்தனை நாள் பள்ளிக்கு வரவில்லை என்று அண்ணனைக் கேட்கச் சொல்லுங்கள். கண்பார்வையையும் சோதித்துவிடட்டும், கரும்பலகை தெரியாத பிள்ளையை மந்தமென்று முடிவுகட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அண்ணிக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் கேட்க முடியும். இரவில் கால் மணி நேரம் அவன் அவருக்கு உரக்க வாசித்துக் காட்டட்டும். உங்கள் மகள் முடித்த கதைப் புத்தகங்களை, அடுத்த முறை பாலம் கடக்கும்போது அவனுக்கு எடுத்துச் செல்லுங்கள்.