பூட்டுச் சின்னம் வந்தபின் மறைந்த முன்பதிவு நாட்காட்டி

கேள்வி: பண்டாரவளையில் சிறிய விடுதி நடத்துகிறோம். எமது இணையத்தளத்தை, உலாவியில் பூட்டுச் சின்னம் காட்டும் பாதுகாப்பான எச்.ரி.ரி.பி.எஸ். முகவரிக்கு மாற்றியதிலிருந்து முன்பதிவு நாட்காட்டி தெரிவதில்லை. தளத்தை அமைத்துத் தந்தவர், நிரலை முழுவதும் புதிதாக எழுத வேண்டும் என்று பெருந்தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். நிரல் பழுதாகியிருக்க வாய்ப்புக் குறைவு. அது அழைக்கப்படும் முகவரியே பெரும்பாலும் பழையதாக இருக்கும். பாதுகாப்பான பக்கமொன்று சாதாரண எச்.ரி.ரி.பி. முகவரியிலிருந்து நிரலைக் கேட்டால், வழியில் எவரும் அதை மாற்றியிருக்கக்கூடும் என்பதால் உலாவி அதனை இயக்காது. பயர்பொக்ஸ் உலாவி 2013 முதல் இவ்வாறே தடுக்கிறது. தடுப்பது சரியே, ஆனால் விருந்தினருக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் வெற்றிடத்தைக் காட்டுவது என்ன நியாயம்?

கணினியில் பக்கத்தைத் திறந்து எஃப் 12 விசையை அழுத்தி, ‘கொன்சோல்’ பகுதியைப் பாருங்கள். குரோம் உலாவியில், ‘மிக்ஸ்ட் கொன்டென்ட்’ என்று தொடங்கும் சிவப்பு வரியில் தடுக்கப்பட்ட முகவரி இருக்கும். அந்த முகவரியில் எச்.ரி.ரி.பி. என்பதை அடுத்து ‘எஸ்’ எழுத்தைச் சேர்த்து உலாவியில் திறந்து பாருங்கள். நிரல் வரிகள் தெரிந்தால், உங்கள் பக்கத்திலும் அதே திருத்தம் போதும். தெரியாவிட்டால், நிரல் கோப்பை உங்கள் தளத்திலேயே ஏற்றி அங்கிருந்து அழைக்க வேண்டும். நாட்காட்டி வந்தும் திகதிகள் வராவிட்டால், நிரலுக்குள்ளும் பழைய முகவரி இருக்கக்கூடும்.

“என் மடிகணினியில் வேலை செய்கிறதே” என்று தளத்தை அமைத்தவர் காட்டினால் ஏமாறாதீர்கள். ஒரு கணினி தன்னையே குறிக்கும் 127.0.0.1 போன்ற முகவரிக்கு விலக்கு உண்டு, அதை எச்.ரி.ரி.பி. மூலம் அழைத்தாலும் குரோம் நம்பிக்கையானதாகவே கொள்ளும். அந்த முகவரியைப் பக்கத்தில் விட்டுவைத்தால் நாட்காட்டி அவருடைய மேசையில் ஓடும், கொழும்பிலிருந்து அறை தேடுபவருக்கு ஓடாது. உலாவி அமைப்பில் பாதுகாப்பற்றவற்றை அனுமதிக்கச் சொல்வதும் இதே வகைதான். அது உங்கள் உலாவிக்கு மட்டுமே பயன்படும்.

எச்.ரி.ரி.பி.எஸ். முகவரிக்குத் தேவையான சான்றிதழுக்கென ஆண்டுக் கட்டணம் கேட்டாலும் காரணம் கேளுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சான்றிதழ் வழங்கும் அமைப்பு 2015 முதல் அதை இலவசமாகத் தருகிறது. தானாகப் புதுப்பிக்கவும் வழியுண்டு. இருந்தும், இதையே விலைப்பட்டியலில் தனி வரியாகச் சேர்க்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை.

திருத்தம் செய்யத் தளத்தின் கடவுச்சொல் உங்கள் கையில் இருக்க வேண்டும். பணம் பேசுவதற்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள். தளப் பெயர் யாருடைய பெயரில் பதிவாகியுள்ளது என்பதையும் அப்போதே எழுத்தில் பெறுங்கள்.