பீப் சத்தம் வருகிறது, படம் வரவில்லை

கேள்வி: மேசைக்கணினியைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, 'பீப்' என்று விட்டுவிட்டுச் சத்தம் வருகிறது, திரை கறுப்பு. மதர்போர்ட் போய்விட்டதா?
– வாசகர், மாங்குளம்

பதில்: அவசரப்படாதீர்கள். சத்தம் போடுகிற அளவுக்குப் போர்டில் உயிர் இருக்கிறது. பெரும்பாலும் குறை ராமில்தான் (RAM, கணினியின் தற்காலிக நினைவகப் பலகை). வயரைக் கழற்றி, பவர் பொத்தானை 10 விநாடி அழுத்துங்கள். மிச்சக் கரன்ட் இறங்கிவிடும். பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு, கொளுவியை விரித்து ராமை எடுங்கள். பொன்னிறப் பற்களில் நம்மூர்ச் செம்புழுதி படிந்திருக்கும். வெள்ளை அழிறப்பரால் மெல்லத் தேயுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது. பற்களுக்கிடையே உள்ள வெட்டைப் பார்த்துப் பொருத்தி, 'டக்' என்று பூட்டும்வரை அழுத்துங்கள். அரைகுறையாக இருந்தாலும் இதே சத்தம்தான். புதிது வாங்கப் போனால் பழையதையும் கொண்டுபோங்கள்: டிடிஆர்3 வகை ராமில் 240 முனை, டிடிஆர்4 வகையில் 288, ஒன்றின் இடத்தில் மற்றது ஏறாது.