கராத்தே சேர்ந்தபின் பையன் தம்பியை அடிக்கிறான், நிறுத்தலாமா?

உடனே நிறுத்த வேண்டாம். ஆனால் கராத்தே தானாகவே நல்ல குணத்தைக் கொடுத்துவிடும் என்று நம்பிச் சேர்த்திருந்தால், அந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள். கற்றுக்கொடுக்கும் விதம்தான் முக்கியம்.

வகுப்பில் சண்டை உத்தி மட்டுமே நடக்கிறது என்று நினைக்கிறேன். 1986இல் மைக்கேல் டிரல்சன் வெளியிட்ட ஆய்வில், குற்றப்போக்குள்ள பதின்வயதினரில் தியானம், நெறிகளோடு டேக்வாண்டோ (கராத்தே போன்ற கொரியத் தற்காப்புக் கலை) கற்றவர்களிடம் மூர்க்கம் குறைந்தது. சண்டை மட்டும் கற்றவர்களிடம் கூடியது. (சின்னக் குழுதான், வேதவாக்காக எடுக்க வேண்டாம்.)

ஒருநாள் வகுப்பு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். தோற்றவனைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தால் மாஸ்டர் என்ன செய்கிறார்? சும்மா இருந்தால் வேறு இடம் தேடுங்கள்.

அப்புறம், கராத்தேக்கு முன்பே அவன் தம்பியை அடித்துக்கொண்டிருந்தான் என்றால் மாஸ்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.