கீசர் சொட்டுகிறது, மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டு 25 லிட்டர் கீசருக்கு ஏழு வயது. ஒரு வாரமாக அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பார்க்க வந்தவர் தொட்டுக்கூடப் பார்க்காமல், "டேங்க் போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நிஜமாகவே போய்விட்டதா?

பதில்: போயிருக்கலாம். ஆனால் கீழே நின்று அண்ணாந்து பார்த்தே சொல்லிவிடுகிற விஷயம் இல்லை அது. முதலில் சுவிட்சை மட்டுமல்ல, மின்பலகையில் கீசருக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபியையே இறக்குங்கள். உள்ளே கசிகிற தண்ணீர் பெரும்பாலும் அடி மூடிக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட்டையும் வயர் முனைகளையும் நனைத்துக்கொண்டுதான் வெளியே வரும். அப்புறம் கீசர் ஆறியதும் எல்லாவற்றையும் பழைய துணியால் உலரத் துடைத்து, குழாய் இணைப்பு ஒவ்வொன்றிலும் ஒரு டிஷ்யூ தாளைச் சுற்றிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். சொட்டு விழுகிற இடத்தை நம்பவே நம்பாதீர்கள், மேலே கசிந்தது குழாயைப் பிடித்துக்கொண்டே இறங்கி எங்கோ போய்ச் சொட்டும். எந்தத் தாள் முதலில் நனைகிறதோ அங்கேதான் கோளாறு.

இணைப்பில் என்றால் வாஷர், இல்லாவிட்டால் கொஞ்சம் டெஃப்லான் டேப், அவ்வளவுதான். தாளெல்லாம் உலர்ந்தே இருந்து அடி மூடியின் ஓரத்திலிருந்து தண்ணீர் வந்தால் மூடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும், அதை எலெக்ட்ரீஷியன் செய்யட்டும். தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருளான 'காயில்' பொருத்தியிருக்கும் தட்டைச் சுற்றி ஈரம் தெரிந்தால் கெட்டது ரப்பர் காஸ்கெட். வருடக்கணக்கில் சூடு பட்டு இறுகிப்போயிருக்கும், மாற்றிவிடலாம், அதே கையோடு உள்ளே படிந்த உப்பையும் சுரண்டி எடுத்துவிடலாம். தட்டு காய்ந்திருக்க, வெப்பக்காப்புப் பஞ்சுக்குள்ளிருந்து செம்பழுப்பாகக் கசிந்தால் மட்டும் வந்தவர் சொன்னது சரி. இரும்பு டேங்க்கில் ஓட்டை விழுந்தபின் பசை போட்டு அடைப்பது நாலு நாளைக்குத் தாங்காது. வெல்டிங் வைத்தாலோ உள்பூச்சு கருகி, பக்கத்திலேயே அடுத்த ஓட்டை.

எது எப்படியோ, ஆள் வரும்வரை உள்ளே வரும் தண்ணீர் வால்வை மூடி வையுங்கள். தண்ணீர் இறங்கிய டேங்க்கைத் தெரியாமல் ஆன் செய்தால் காயிலும் போய்விடும்.

டேங்க்குக்குள் மெக்னீசியத் தடி ஒன்று இருக்கிறது, பலருக்கும் அது இருப்பதே தெரியாது. துரு முதலில் அதைத்தான் தின்னும், அது கரையும்வரை டேங்க் தப்பிக்கும். உப்புத் தண்ணீர் என்றால் வருடம் ஒரு முறை கழற்றிப் பார்க்க வேண்டும். நான் பல வருடம் பார்க்காமல் விட்டு, ஒருநாள் கழற்றினால் தடி இருந்த இடத்தில் ஈர்க்கு கனத்துக்கு ஒரு கம்பி மட்டும் நிற்கிறது. ஊருக்கு உபதேசம் செய்கிறவன் வீட்டு லட்சணம்!

கேள்வி: சூடாகும்போது மட்டும் பக்கத்துச் சின்ன வால்விலிருந்து தண்ணீர் வருகிறது. அடைத்துவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம்! அது பாதுகாப்பு வால்வு. 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய 400 மில்லி பெருகும். உள்ளே வரும் வழியில் நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தால் அந்த 400 மில்லி திரும்பிப் போக முடியாது, இந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதையும் அடைத்துவிட்டால், என்றைக்காவது தெர்மோஸ்டாட் கட் ஆகாமல் போகும் நாளில் உங்கள் பாத்ரூமில் தொங்குவது ஒரு வெடிகுண்டு. ஒரு குழாய் மாட்டி வடிகாலுக்கு விட்டுவிடுங்கள், அதன் முனை எப்போதும் திறந்தே இருக்கட்டும். ஆறிய பிறகும் நிற்காமல் சொட்டினால் வால்வில் உப்போ தூசியோ சிக்கியிருக்கலாம், இல்லையென்றால் குழாயில் வரும் அழுத்தமே அதிகம். கீசர் ஆறியிருக்கும்போது வால்வின் நெம்புகோலை இரண்டு மூன்று தடவை தூக்கி விட்டுப் பாருங்கள், அப்படியும் நிற்காவிட்டால் புது வால்வு மாட்டுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் அறைகளைச் சூடாக்கும் கேஸ் பாய்லர். அழுத்தமானி முள் இறங்கிக்கொண்டே இருக்கிறது, வாரம் ஒருமுறை தண்ணீர் ஏற்றுகிறேன். பரவாயில்லையா?

பதில்: இல்லை. பொதுவாக ஆறியிருக்கும்போது முள் 1 முதல் 1.5 பார் வரை நிற்க வேண்டும். வாரம் ஒருமுறை இறங்குகிறது என்றால் எங்கோ கசிகிறது, அறைகளில் சூடு தரும் ரேடியேட்டர்களின் வால்வு அடியைத் தடவிப் பாருங்கள். நீங்கள் ஏற்றுகிற ஒவ்வொரு புதுத் தண்ணீரும் புது ஆக்சிஜனைக் கொண்டுவந்து உள்ளே துருவைத்தான் வளர்க்கிறது. சூடாகும்போது முள் 3 பாரை எட்டி, வெளிக்குழாயில் தண்ணீர் கொட்டினால் சூடாகிப் பெருகும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் விரிவுக் கலத்தில் காற்று போயிருக்கும். கேஸ் பாய்லரின் மூடியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள், அதற்கு உரிமம் உள்ள ஆள் வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, அந்த அறையில் அலாரம் ஒன்று இல்லையென்றால் பாய்லரைப் பார்க்க ஆள் வருவதற்குள் அதை மாட்டிவிடுங்கள்.