கிரிட் ஏன் காலியாகக் கிடக்கிறது? ஸ்க்ரூட்டினி மேசையிலிருந்து கேள்வி பதில்

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலும் கோவை கரி ஸ்பீட்வேயிலும் ரேஸுக்கு முன்னால் கார்களைச் சோதித்து ஸ்டிக்கர் ஒட்டும் ஆட்களில் நானும் ஒருவன். சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு. கிளப் அளவில் நடக்கும் கார் ரேஸ்களுக்கு ஆள் வருவது ஏன் குறைந்தது, கிரிட் எனும் ஸ்டார்ட் வரிசை ஏன் நிறைவதில்லை என்று கேளுங்கள் என்றேன். பாதிப் பேர் லைசென்ஸ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சரி, வந்த வரிசையில் போகிறேன். ஃபார்முலா 1 கேள்விகளை எடுக்கவில்லை.

பெரம்பூர் போலோ: போன சீசன்ல டூரிங் கார் ரேஸ் பார்க்க வந்தேன் சார். அவ்வளவு பெரிய டிராக்ல விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் வண்டி. சென்னையில ஸ்விஃப்ட், போலோவை மாடிஃபை பண்ணி வச்சிருக்கவங்க எத்தனை பேர்! ஏன் ஒருத்தரும் வர்றதில்ல?

ஓட்டத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. சொந்தமாக ரேஸ் கார் வைத்திருப்பவர்கள்தான் அருகிப்போனார்கள்.

மாருதி எஸ்டீம் கார் ஓடிய காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 1300 சிசி இன்ஜின்தான் ஜிப்ஸியிலும் இருந்தது, பிறகு முதல் ஸ்விஃப்டிலும் வந்தது. பழைய எஸ்டீம் ஒன்று, தெரிந்த மெக்கானிக் ஒருவர், கார் உருண்டாலும் ஓட்டுநரைக் காக்கும் ரோல் கேஜ் என்ற இரும்புக் கூண்டை வெல்டிங் பண்ண ஒரு பட்டறை. இவ்வளவு இருந்தால் கிரிட்டில் நிற்கலாம். சனிக்கிழமை இன்ஜின் போனால் புதுப்பேட்டைக்கு ஆள் அனுப்பி ராத்திரியோடு ராத்திரியாக மாற்றி, ஞாயிறு காலையில் ஸ்டார்ட் பண்ணுவார்கள். 2007இல் மாருதி எஸ்டீமை நிறுத்தியது. உதிரி பாகங்கள் மெல்ல மெல்லக் கிடைக்காமல் போயின. அதன் இடத்தில் அதே விலைக்கு, அதே எளிமையோடு இன்னொரு கார் வரவில்லை. இப்போதைய கார்களில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவைத் திறப்பதற்கே ஒரு செலவு.

அதே சமயத்தில் கார் கம்பெனிகளும் டயர் கம்பெனிகளும் ஒரே மாடல் பந்தயங்களை, அதாவது கம்பெனியே தரும் ஒரே மாதிரி கார்களில் எல்லோரும் ஓட்டுவதை, கொண்டுவந்தன. 2010இல் ஃபோக்ஸ்வேகனின் போலோ கப் வந்தது. பணம் கட்டு, சூட் மாட்டு, ஓட்டு, வீட்டுக்குப் போ. நல்ல ஏற்பாடுதான், நல்ல ஓட்டுநர்களும் கிடைத்தார்கள். ஆனால் சீசன் முடிந்ததும் அந்தப் பையனின் ஷெட்டில் வண்டி எதுவும் நிற்காது. கம்பெனி கடையைக் கட்டினால் ஓட்டுநரும் அன்றோடு காணாமல் போவார். எஸ்டீம்காரர் அப்படியில்லை. வண்டி ஷெட்டில் கிடந்து உறுத்துகிறதே என்பதற்காகவே அடுத்த வருஷமும் வருவார்.

அடுத்தது செலவு. டிராக் வாடகை, ஆம்புலன்ஸ், டாக்டர்கள், தீயணைப்பு, ரெக்கவரி வண்டி, டைமிங், மார்ஷல்களுக்குச் சாப்பாடு. 20 கார் வந்தாலும் 80 கார் வந்தாலும் கல்யாண மண்டப வாடகை மாதிரி இதெல்லாம் அப்படியேதான் நிற்கும். கணக்குக்காக எட்டு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 80 என்ட்ரி என்றால் தலைக்கு 10,000. 32 என்ட்ரி என்றால் 25,000. கட்டணம் ஏறினால் இன்னும் நாலு பேர் ஒதுங்குவார்கள், மிச்சமுள்ளவர்களுக்கு இன்னும் ஏறும். ஸ்பான்சர் இருக்கும்வரை இது கண்ணுக்குத் தெரியாது.

சேலம் ஸ்பாய்லர்: என்னோட ரோடு கார்லயே ரேஸ் ஓட்டலாமா?

முடியாது. ரோல் கேஜ், பக்கெட் சீட், ஆறு முனை பெல்ட், தீயணைப்பான், வெளியிலிருந்தும் அணைக்கக்கூடிய மாஸ்டர் ஸ்விட்ச் எல்லாம் வேண்டும். அந்த ஸ்விட்ச் இருக்குமிடத்தில் நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். இதை எல்லாம் செய்தபிறகு அந்தக் காரில் ஆபீஸ் போக உங்களுக்கே மனசு வராது.

பழைய பெல்ட் வாங்கும்போது பின்பக்கம் தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். எந்த வருஷத்துக்குப் பிறகு செல்லாது என்று அதில் அச்சடித்திருக்கும். "புதுசு மாதிரிதான் சார் இருக்கு" என்று என் மேசையில் வந்து சொல்லாதீர்கள்.

அண்ணாநகர் அப்பா: என் மகனுக்கு வயது 14. எங்கே ஆரம்பிப்பது?

கார்ட்டிங். மற்றதெல்லாம் அப்புறம்.

மெரினா மைக்: ஸ்ட்ரீட் ரேஸ் நடந்ததே! அதைப் பார்த்துவிட்டு ஓட்ட நிறையப் பேர் வந்திருக்க வேண்டாமா?

தீவுத்திடலைச் சுற்றி 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடந்ததைச் சொல்கிறீர்கள். 2023 டிசம்பரில் நடந்திருக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. ராத்திரி வெளிச்சத்தில் பார்க்க அருமையாக இருந்தது. ஆனால் அதில் முக்கியமாக ஓடியவை ஃபார்முலா 4 கார்களும் இந்தியன் ரேசிங் லீக் அணிகளின் கார்களும். டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்கள் ரசிகர்கள். ரசிகரை என்ட்ரி ஃபார்ம் வரைக்கும் கூட்டிவர நடுவில் மலிவான படி ஒன்று வேண்டும். அதுதான் நம்மிடம் இல்லை.

ஆர்ஆர் 310: பைக் கிரிட் மட்டும் எப்படி அண்ணே நிறையுது?

நல்ல கேள்வி. பைக்கை ஒரு டாடா ஏஸில் ஏற்றி, கயிறு கட்டி, ஓசூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்துவிடலாம். காருக்கு ஃபிளாட்பெட் லாரி வேண்டும். பைக் டயர் செட் இரண்டு, கார் டயர் செட் நாலு. இதைவிடப் பெரிய விஷயம் தொடர்ச்சி. டிவிஎஸ் தன் ஒரே மாடல் பந்தயத்தை 1994இலிருந்து நடத்துகிறது. இருபது வயதுப் பையனுக்கு அடுத்த வருஷமும் ரேஸ் உண்டு என்ற நம்பிக்கை இருக்கிறது. கார்காரருக்கு விதிப்புத்தகம் மாறுமா மாறாதா என்பதே கவலை.

வேளச்சேரி விடெக்: சார், ரோடு கார்ல வரலாமா? பழைய ஹோண்டா சிட்டி, சூப்பரா போகும்.

சேலத்துக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். "சூப்பரா போகும்" என்பதை ஈசிஆரில் நிரூபிக்க வேண்டாம். அங்கே மார்ஷலும் கிடையாது, ஆம்புலன்ஸும் நிற்காது.

அவினாசி ரோடு: வகுப்புகள் அதிகம், இணைக்கணும்னு முன்னாடி ஒரு பேட்டியில சொன்னீங்க. நான் சின்ன இன்ஜின் வகுப்புல ஓடுறவன். என் வகுப்பை மேல சேர்த்தா நான் காலம்பூரா கடைசிதான். கோப்பை இல்லன்னா ஸ்பான்சர் இல்ல. நானும் போயிடுவேன். அப்போ கிரிட் நிறையுமா, குறையுமா?

தெரியாதவர்களுக்காக: இந்தியன் டூரிங் கார், ஜூனியர் டூரிங் கார், சூப்பர் ஸ்டாக் என்று வகுப்புகள் தனித்தனி. வண்டி போதாததால் பெரும்பாலும் சேர்த்தேதான் ஸ்டார்ட் விடுகிறோம். ஒரே ரேஸ், மூன்று மேடை. அதாவது இணைப்பு ஏற்கெனவே நடந்துவிட்டது, பரிசு மட்டும்தான் பிரிந்திருக்கிறது. மூன்று கார் ஓடி மூன்றும் முடித்தால் மூவருக்கும் கோப்பை. முடிக்காமலே மேடை ஏறிய கதையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கோப்பையைப் பார்த்து எந்த ஸ்பான்சர் ஏமாறுகிறார் என்று சொல்லுங்கள், நானும் போய்ப் பார்க்கிறேன்.

அவினாசி ரோடு: கிண்டல் பண்ணாதீங்க. வேகமான வண்டிக்கு எடை ஏத்தி சமமாக்குவீங்களா? எடை ஏத்தினா டயர் தேயும், பிரேக் போகும். அந்தச் செலவை யார் தர்றது?

இது நியாயமான அடி. பேலஸ்ட், அதாவது கூடுதல் எடை ஏற்றுவது, காகிதத்தில் மலிவு. மதியம் இரண்டு மணி வெயிலில், நேரோட்டம் முடிகிற இடத்தில், பிரேக் பெடல் பஞ்சாக அமுங்கும்போதுதான் அதன் விலை தெரியும். அதனால் நான் கேட்பது எடை இல்லை. லேப் டைம். இன்ஜின் சிசியைப் பார்த்துப் பிரிக்காமல், ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரத்தை வைத்து இரண்டே வகுப்பு. உங்கள் எஸ்டீமும் வேறொருவரின் டியூன் பண்ணாத போலோவும் ஒரே லேப் டைமில் சுற்றினால் இருவரும் சண்டை போடலாம். யார் எந்த வண்டி என்று நான் ஏன் கேட்க வேண்டும்?

மூன்றாவது கியர்: நடுவுல வர்றேன். லேப் டைம் வச்சுப் பிரிச்சா குவாலிஃபையிங்ல வேணும்னே மெதுவா ஓட்டுவாங்க. ரேஸ்ல பாய்வாங்க.

ஓட்டட்டும். ஒவ்வொரு காரிலும் சுற்று நேரத்தை அளக்க உதவும் டிரான்ஸ்பாண்டர் கருவி இருக்கிறது. ரேஸில் போட்ட ஒவ்வொரு சுற்றும் பதிவாகிறது. வகுப்பின் எல்லை நேரத்தைவிட வேகமாக ஓடினால் அந்த ரேஸின் புள்ளி போச்சு, அடுத்த ரவுண்டில் மேல் வகுப்பு. இரண்டு ரவுண்டில் பொய் சொல்பவர்கள் எல்லோரும் மேலே போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

அவினாசி ரோடு: அப்போ நான் கஷ்டப்பட்டு வண்டியை முன்னேத்துனா தண்டனையா? இது ரேஸா, பஸ் டைம் டேபிளா?

முன்னேறினால் மேல் வகுப்பு. அதைத் தண்டனை என்று நினைக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் நாம் இருவரும் முட்டிக்கொள்கிறோம். முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் இல்லாமல் தனியாகப் பத்துச் சுற்றுச் சுற்றி முதலிடம் வாங்குவது ஒருவகைச் சுகம். பன்னிரண்டு பேர் உள்ள கூட்டத்தில் ஏழாவதாக வந்து, கடைசித் திருப்பத்தில் ஆறாமவர் பம்பரைத் தொட்டுக்கொண்டு வருவது வேறுவகை. இரண்டாவதை அனுபவித்தவர்கள் அடுத்த ரவுண்டுக்குத் திரும்பி வருகிறார்கள். முதலாவது வகை ஆட்கள் இரண்டு கோப்பையோடு காரை விற்றுவிடுகிறார்கள். என் மேசையில் வந்து கையெழுத்துப் போட்டவர்களில் பார்த்ததைச் சொல்கிறேன்.

மூன்றாவது கியர்: நீங்க ரெண்டு பேரும் பேசுறதைப் பார்த்தா, இருக்கிற பத்து வண்டியை எப்படி அடுக்குறதுன்னுதான் சண்டை. பதினோராவது வண்டி எங்கிருந்து வரும்?

வந்தாரய்யா நடுவர். பதினோராவது வண்டி ஏற்கெனவே இருக்கிறது. கோவைப் பட்டறைகளில் உறை போட்டு நிற்கும் பழைய ரேஸ் கார்களை எண்ணிப் பாருங்கள். ஃபார்முலா எல்ஜிபி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் கார்கள்கூட அப்படி நிற்கின்றன. அவை வெளியே வராத காரணம் அவினாசி ரோட்டுக்காரரும் ஒப்புக்கொள்வது: வருஷத்தில் வேண்டிய வார இறுதிகள் அதிகம். சாம்பியன்ஷிப்பில் நிற்க எல்லா ரவுண்டுக்கும் வந்தாக வேண்டும். சொந்தத் தொழில் செய்பவருக்கு அது முடியாது, ஒன்றைத் தவறவிட்டால் மொத்தத்தையும் விட்டுவிடுகிறார். ரவுண்டைக் குறையுங்கள். மோசமான ஒரு ரவுண்டின் புள்ளியைக் கழித்துவிட அனுமதியுங்கள்.

அவினாசி ரோடு: அது சரி. ஆனா லேப் டைம் வகுப்புக்கு என் ஓட்டு கிடையாது.

தெரியும். உங்கள் பெல்ட் தேதியும் முடியப்போகிறது, அதையும் பாருங்கள்.

ஹூஸ்டன் ஹாட்ச்பேக்: இங்கே லெமன்ஸ் என்று 500 டாலர் காரில் பல மணி நேர எண்டூரன்ஸ் ரேஸ் ஓட்டுகிறார்கள். அதை அங்கே செய்யலாமே?

2006இல் கலிஃபோர்னியாவில் விளையாட்டாக ஆரம்பித்தது அது. அந்த 500 டாலரில் கேஜ், சீட், பெல்ட் போன்ற பாதுகாப்புச் சாமான்கள் சேராது என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உண்மையான செலவே அதுதான். ஆனால் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: ஒரு காரை நாலு பேர் பங்கிட்டு ஓட்டுவது. இங்கே கேஜ் அடித்த ஒரு ஸ்விஃப்டை நாலு நண்பர்கள் பகிர்ந்தால் ஒரு வார இறுதிச் செலவு ஒவ்வொருவருக்கும் நல்ல போன் ஒன்றின் விலைக்குள் அடங்கலாம். ஆள் குறைவு உங்கள் ஊரிலும் இல்லாமலில்லை. 1944இல் தொடங்கிய அமெரிக்க கார் ரேஸ் கிளப்பான எஸ்சிசிஏகூட, வண்டி சேராத வகுப்பைத் தன் தேசிய சாம்பியன்ஷிப்பான ரன்ஆஃப்ஸ் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது. அங்கே மாஸ்டா மியாட்டா கார் வகுப்பு நிறைவதன் ரகசியம் எஸ்டீம் ரகசியம்தான்: எங்கும் கிடைக்கும் கார், மாறாத விதி.

சோழவரம் தாத்தா: எங்கள் காலத்தில் சோழவரத்தில் கூட்டம் அலைமோதும்.

அலைமோதியது ஐயா. உலகப்போர்க் கால விமான ஓடுதளம், பெரிய மீட் வருஷத்துக்கு ஒன்று, அதனால் நாடு முழுவதிலிருந்தும் வண்டி வந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டை திறந்தபிறகு பாதுகாப்பு கூடியது, வார இறுதிகளும் கூடின. இரண்டாவது விஷயத்தில் எனக்குள்ள குறையைத்தான் மேலே சொன்னேன்.

ஓஎம்ஆர் ஐடி: ரோடு கார்...

இல்லை.

கிண்டி கியர்பாக்ஸ்: பைக் ஹெல்மெட் போட்டுக் கார் ஓட்டலாமா?

கூடாது. ஸ்நெல் என்ற ஹெல்மெட் பாதுகாப்பு முத்திரையில் 'எஸ்ஏ' என்று இருக்க வேண்டும், 'எம்' என்றிருந்தால் அது மோட்டார் சைக்கிளுக்கு. எஸ்ஏ வகைக்குத் தீச் சோதனை உண்டு.

பூந்தமல்லி பார்வையாளர்: லைசென்ஸ் எடுப்பது எப்படி?

இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ அங்கீகரித்த பயிற்சிப் பள்ளி, மருத்துவச் சான்று, விண்ணப்பம். மற்ற எல்லாம் அவர்களுடைய தளத்தில் இருக்கிறது. இதே கேள்வி கேட்ட மற்றவர்களுக்கும் இதுவே பதில்.

காட்டுப்பாக்கம்: எனக்குக் கார் வாங்க வசதியில்லை சார். ஆனா டிராக்ல நிக்கணும். மார்ஷலா வரலாமா?

வாங்க தம்பி. ஓட்டுநர் குறைவு என்று எல்லோரும் பேசுகிறார்கள், மார்ஷல் குறைந்தால் ரேஸே ஸ்டார்ட் ஆகாது. நடத்தும் கிளப்புக்கு எழுதி ரேஸுக்கு முந்தைய பயிற்சி வகுப்பில் உட்காருங்கள். விடியும்போதே வந்துவிட வேண்டும். காட்டன் முழுக்கை சட்டை, மூடிய ஷூ, தொப்பி, தண்ணீர் பாட்டில். சிவப்பு, மஞ்சள் சட்டை போட்டு வராதீர்கள், வேகமாக வரும் ஓட்டுநருக்குத் தூரத்திலிருந்து கொடி மாதிரி தெரியும்.