டெஃப் இல்லாத 2008 மாடல் டிரக் வாங்கினால் மைலேஜ் நன்றாக இருக்குமா?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் பழைய டீசல் டிரக் ஒன்று வாங்க வேண்டும். டெஃப் (புகையைச் சுத்தமாக்கத் தனித் தொட்டியில் ஊற்றும் யூரியாக் கரைசல்) ஊற்றும் தொல்லை இல்லாமல் இருக்க 2008, 2009 மாடலாகப் பார்க்கலாமா? மைலேஜ் எப்படி வரும்?

அந்த இரண்டு ஆண்டுகளைத்தான் முதலில் ஒதுக்கச் சொல்வேன். டெஃப் கிடையாது என்பது உண்மை. ஆனால் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளின் சுமை முழுக்க ஏறிவிட்ட, அதற்கு ஈடாக மைலேஜ் எதுவும் திரும்பக் கிடைக்காத காலம் அது.

மாடல் புதிதாகப் புதிதாக மைலேஜ் கூடிக்கொண்டே போகும் என்ற கணக்கு டீசல் டிரக்குகளில் எடுபடாது. 2002 கடைசியில் மைலேஜ் சரிந்தது. 2007-இல் இன்னும் இறங்கியது. 2010-இல் மீண்டது, 2014-க்குப் பிறகு ஏறத் தொடங்கியது. இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பின்னால் இருப்பவை இபிஏ (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) விதிகள்.

2004-க்கு என்று வைத்திருந்த நைட்ரஜன் ஆக்சைடு வரம்பை, பெரிய இன்ஜின் நிறுவனங்கள் 1998-இல் அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி 2002 அக்டோபரிலேயே எட்ட வேண்டியிருந்தது. கேட்டர்பில்லர் வேறு வழியில் போனது. மற்றவர்களில் பெரும்பாலோர் இஜிஆரைப் பொருத்தினார்கள். வெளியே போகும் புகையில் ஒரு பங்கைக் குளிரவைத்து மறுபடி சிலிண்டருக்குள் விட்டால் எரியும் சூடு குறையும், நைட்ரஜன் ஆக்சைடும் குறையும். மைலேஜ் அடிபடுவதும் இங்கேதான். புகை உள்ளே போக வேண்டுமென்றால் எக்ஸாஸ்ட் பக்க அழுத்தம் இன்டேக் பக்கத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். டர்போ அந்த அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது; அதை எதிர்த்துத் தள்ளும் வேலை பிஸ்டனுக்கு. இன்ஜெக்‌ஷன் டைமிங்கையும் (சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் நேரம்) பின்னுக்குத் தள்ளினார்கள். இஜிஆர் கூலரின் சூடு முழுவதும் ரேடியேட்டருக்கு வருவதால் ஃபேன் அதிக நேரம் ஓடுகிறது. இத்தனைக்கும் டீசல்தான் செலவாகிறது.

2007-இல் துகள் வரம்பு ஒரு குதிரைத்திறன்-மணிக்கு 0.1 கிராமிலிருந்து 0.01 கிராமாகக் குறைந்தது. அதை எட்ட, எக்ஸாஸ்டில் கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி வந்தது. வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க அதற்குள் ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். நெடுஞ்சாலையில் பாரத்தோடு ஓடினால் கரியில் ஒரு பகுதி தானாகவே எரிந்துபோகும். நகருக்குள் நின்று நின்று போகும் வண்டிக்கு அந்தச் சூடு வராது. டீசலை எக்ஸாஸ்டுக்குள் அனுப்பி எரிக்க வேண்டியதுதான். ரீஜென் என்பது இதுதான். அந்த டீசல் வண்டியை ஒரு அடிகூட நகர்த்துவதில்லை. இன்னொன்று: பல பிக்கப்களில் இந்த டீசலைச் சிலிண்டருக்குள்ளேயே தாமதமாகப் பீய்ச்சுவார்கள். அதில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் அந்த ஆயிலை உடனே மாற்ற வேண்டும்.

2010-இல் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு 0.20 கிராம் ஆனபோது எஸ்சிஆர் கருவியும் (டெஃபைப் புகையில் பீய்ச்சி நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பது) டெஃபும் வந்தன. பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். நைட்ரஜன் ஆக்சைடை இன்ஜினுக்கு வெளியே டெஃப் பார்த்துக்கொள்வதால், உள்ளே டைமிங்கை முன்னுக்குக் கொண்டுவர முடிந்தது. இஜிஆரின் அளவைக் குறைக்க முடிந்தது. மைலேஜ் மீண்டதற்கு முக்கியக் காரணமே நீங்கள் தவிர்க்க நினைக்கும் அந்த டெஃப்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 1,00,000 மைல் ஓடும் டிரக் காலனுக்கு 6 மைல் தந்தால் 16,667 காலன் டீசல் வேண்டும். 7.5 மைல் தந்தால் 13,333 காலன் போதும். மிச்சம் 3,300 காலனுக்கு மேல். டெஃப் டீசலில் 3 சதவீதம் என்று வைத்தாலும் 400 காலன்தான் ஆகிறது.

டெஃப் இல்லாத 2010-க்குப் பிந்தைய டிரக் கண்ணில் பட்டால் மகிழ்ந்துவிட வேண்டாம். டிரக் நிறுவனமான நாவிஸ்டார் 2010 விதிக்கும் இஜிஆரையே கூட்டிச் சமாளிக்கப் பார்த்து, 2012-இல்தான் எஸ்சிஆருக்கு மாறுவதாக அறிவித்தது. பிக்கப்களில் ஃபோர்டும் ஜிஎம்மும் 2011 மாடலில் டெஃபுக்கு வந்தன, ராம் 2013-இல். மொத்த எடை வரம்பு 8,500 பவுண்டைத் தாண்டிய பிக்கப்களுக்கு இபிஏ மைலேஜ் லேபிள் கிடையாது. ஆகவே விளம்பரத்தில் சொல்லும் எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

2014 முதல் எரிபொருள் சிக்கன விதிகளும் சேர்ந்தன. அதன்பின் வந்த முன்னேற்றத்தில் பெரும்பங்கு காற்றை எளிதாகக் கிழிக்கும் கேபின், தானியங்கி கியர், உருளும் தடை குறைந்த டயர், குறைந்த ஆக்சில் விகிதம் (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு இன்ஜின் குறைவாகச் சுற்றுவது) ஆகியவற்றுடையது. அதே ஆண்டு, அதே இன்ஜின் உள்ள இரண்டு டிரக்குகளில் ஒன்று மலைப்பாதைக்கான ஆக்சிலோடு இருந்தால் மைலேஜில் நன்றாகவே வித்தியாசம் தெரியும்.

வாங்கும்போது வண்டியின் ஆண்டைவிட இன்ஜினின் ஆண்டைப் பாருங்கள். வின் எண்ணின் (வண்டி அடையாள எண்) 10-ஆவது எழுத்து வண்டியின் மாடலைத்தான் சொல்லும்: 2009-க்கு 9, 2010-க்கு ஏ, 2013-க்கு டி. இன்ஜின் மேல் ஒட்டியிருக்கும் எமிஷன் லேபிளில் இன்ஜின் ஃபேமிலி என்ற குறியீடு இருக்கும். அதன் முதல் எழுத்தும் இதே முறையில் இன்ஜினின் மாடல் ஆண்டைக் காட்டும். 2010, 2011 என்று பதிவான கனரக டிரக்கில் 2009 இன்ஜின் இருப்பது உண்டு. கலிஃபோர்னியாவில் இது வெறும் மைலேஜ் விஷயம் இல்லை. 14,000 பவுண்டுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் 2023 ஜனவரி 1 முதல் 2010 அல்லது அதற்குப் பிந்தைய இன்ஜின் கட்டாயம்.

அடுத்து, டெயில் பைப்புக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். டிபிஎஃப் சரியாக இருந்தால் விரலில் கரி ஒட்டக் கூடாது. கறுப்பாக வந்தால் வடிகட்டி உள்ளே உடைந்திருக்கிறது, அல்லது கழற்றப்பட்டிருக்கிறது. கழற்றிவிட்டால் மைலேஜ் கூடும் என்று விற்பவர் சொன்னால் விலகிவிடுங்கள். அது மத்தியச் சட்டத்துக்கு எதிரானது, பழையபடி பொருத்தும் செலவு உங்கள் தலையில் விழும்.

இன்ஜின் கணினியிலிருந்து (ஈசிஎம்) அறிக்கை எடுத்துத் தரச் சொல்லுங்கள். மொத்த மைலேஜ், ஐடிலில் (வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் ஓடி) நின்ற மணி, ரீஜென் எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கும். ஐடிலில் பெரிய இன்ஜின் மணிக்கு முக்கால் காலனுக்கு மேல் குடிக்கும். ரீஜென் அடிக்கடி நடந்திருந்தால் டிபிஎஃபைக் குறை சொல்வதற்கு முன், அதற்கு முந்தைய இன்ஜின் பக்கத்தில் தேடுங்கள்: ஒழுகும் இன்ஜெக்டர், ஆயில் கசியும் டர்போ, காற்று கசியும் இன்டர்கூலர் குழாய், முழுக்க மூடாத இஜிஆர் வால்வு. மூலக்காரணத்தை விட்டுவிட்டு வடிகட்டியை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

கரி எரியும், சாம்பல் எரியாது. சாம்பல் ஆயிலிலிருந்து வருவது. வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்தால்தான் போகும். அந்த வேலை எத்தனை மைலில் நடந்தது என்ற ரசீதைக் கேளுங்கள். டிபிஎஃப் உள்ள வண்டிக்கு சிஜே-4, சிகே-4 போன்ற சாம்பல் குறைந்த ஆயில்தான் வேண்டும். வெளியே எங்கும் கசிவு தெரியாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போனால் முதல் சந்தேகம் இஜிஆர் கூலர்மீது.

எஸ்சிஆர் வண்டியில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சாரும் டெஃப் ஹீட்டரும் அடிக்கடி போகும் பொருட்கள். டெஃபைப் பீய்ச்சும் டோசரைச் சுற்றி வெள்ளை உப்பு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். டெஃப் 32.5 சதவீத யூரியா, மீதி தூய நீர். மைனஸ் 11 டிகிரி செல்சியஸில் உறையும். உருகியபின் அப்படியே பயன்படுத்தலாம். ஆனால் அந்தத் தொட்டியில் தவறி டீசல் ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பாமல் முதலில் தொட்டியை இறக்கிக் கழுவ வேண்டும். பம்ப் ஒருமுறை இழுத்துவிட்டால் பம்ப், குழாய், டோசர் எல்லாமே மாற்ற வேண்டி வரலாம்.