அப்பா வீடு நம்ம பேருக்கு வந்தா டாக்ஸ் எவ்ளோ? கேள்வி பதில்

தண்டையார்பேட்டைல இருபது வருஷமா ஐடி ரிட்டர்ன் போட்டுக் குடுக்கறேன். வாரிசு சொத்துல வரி சம்பந்தமா மட்டும் கேளுங்க. பாகப்பிரிவினை சண்டைன்னா வக்கீலப் பாருங்க, நான் தலையிட மாட்டேன்.

கே (பழைய வண்ணாரப்பேட்டை): சார், அப்பா தவறிட்டாரு. தாத்தா 1968ல வாங்கின வீடு, அவருக்கப்புறம் அப்பா பேர்ல இருந்துச்சு, இப்ப எங்க மூணு பேருக்கு வருது. புரோக்கர் 30 பர்சென்ட் டாக்ஸ்ன்றாரு, அப்படியா?

ப: புரோக்கர் அளக்கறாரு. வர்றதுக்கு ஒரு பைசா டாக்ஸ் இல்ல. செத்தவர் விட்டுட்டுப் போன சொத்துக்கு எஸ்டேட் ட்யூட்டின்னு ஒரு வரி 1953ல வந்துச்சு, 1985 மார்ச்சோட போயிடுச்சு. ஆனா அந்த வீட்டை வித்தீங்கன்னா கேபிடல் கெயின்ஸ், அதாவது வித்த லாபத்துக்கு வரி உண்டு, அங்கதான் எல்லாரும் மாட்றாங்க. தாத்தா வாங்கின வெல என்னவோ அதான் உங்க வெல, 2001 ஏப்ரல் 1க்கு முன்னாடி வாங்கினதுன்னா அன்னிக்கு இருந்த மார்க்கெட் வெலய வச்சுக்கலாம், ஆனா அன்னிக்கு கைட்லைன் வேல்யூ (பத்திரப்பதிவுக்கு கவர்மெண்ட் வச்ச வெல) எவ்ளோவோ அதத் தாண்டக் கூடாது. சும்மா ஒரு கணக்கு போட்டுப் பாப்போம், 2001ல 12 லட்சம், 2025-26ல 80 லட்சத்துக்கு விக்கறீங்க. புது முறைல லாபம் 68 லட்சத்துக்கு அப்படியே 12.5 பர்சென்ட், எட்டரை லட்சம். பழைய முறைல வெலவாசி ஏறினதுக்கேத்த மாதிரி வாங்கின வெலய ஏத்திக்கலாம், அந்த இண்டெக்ஸ் 2001ல 100, 2025-26ல 376, அந்த 12 லட்சம் 45.12 லட்சமாயிடும், மிச்சம் 34.88க்கு 20 பர்சென்ட், ஏழு லட்சத்துக்கு கொஞ்சம் கம்மி. ஒன்றரை லட்சம் மிச்சமாச்சா? (செஸ் தனி.) அதே வீடு 2001ல 6 லட்சம்தான்னு வந்தா தலைகீழ், புது முறைதான் லாபம், அதனால ரெண்டையும் போட்டுப் பாக்காம கையெழுத்து போடாதீங்க. மூணு பேரும் அவங்கவங்க பங்கை அவங்கவங்க ரிட்டர்ன்ல காட்டணும். வாங்கறவரு பணம் குடுக்கும்போதே 1 பர்சென்ட் வரிய (டிடிஎஸ்) புடிப்பாரு, உங்க பங்கு 50 லட்சத்துக்குக் கீழன்னு தப்பிக்க முடியாது, மொத்த வெலயத்தான் பாப்பாங்க. எப்பவும் சொல்றதுதான், பழைய பத்திரத்தத் தூக்கிப் போடாதீங்க.

கே (கொருக்குப்பேட்டை): பெரியப்பா பையன் எனக்கு 5 லட்சம் குடுக்கறேன்றாரு, சொந்தம்தானே?

ப: கல்யாணப் பத்திரிகைல சொந்தம், இன்கம்டாக்ஸ்ல இல்ல. பெரியப்பாவே குடுத்தா டாக்ஸ் கெடயாது, பையன் குடுத்தா 50 ஆயிரத்தைத் தாண்டினா முழுசுக்கும் டாக்ஸ். அதே பையன் உயில்ல எழுதி வச்சா டாக்ஸ் இல்ல. சிரிக்காதீங்க, சட்டம் அப்படித்தான்.

கே (ராயபுரம்): அம்மா நகை எனக்கு வந்துச்சு, டாக்ஸ்?

ப: வந்ததுக்கு இல்ல. வித்தா உண்டு. மேல பாருங்க, ஆனா நகைக்கு அந்த இண்டெக்ஸ் போடற பழைய முறை கெடயாது.

கே (வியாசர்பாடி): அப்பா வீடு வந்துச்சு சார், எவ்ளோ கட்டணும்?

ப: முதல் பதில்.

கே (காசிமேடு): அப்பா போட்டை விக்கணும்பா.

ப: தொழில்ல ஓடின போட்டுக்கு கணக்கே வேற, டிப்ரிசியேஷன் (தேய்மானக் கழிவு) எடுத்திருப்பாங்க. அப்பாவோட ரிட்டர்ன் காப்பி எடுத்துட்டு நேர்ல வாங்க.

கே (பெரம்பூர்): எனக்குக் கேள்வி இல்ல, கருத்து. பணக்காரன் பையன் சும்மா கோடீஸ்வரன் ஆகறான், அந்த எஸ்டேட் ட்யூட்டிய திரும்பப் போட்டாத்தான் சரி.

கே (திருவொற்றியூர்): தோ வந்துட்டாரு. எங்கப்பா ஹார்பர்ல மூட்டை தூக்கி கட்டின வீட்ல பாதிய கவர்மெண்ட் புடுங்கணுமா?

ப: ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க. பெரம்பூர்காரர் சொல்றது தப்பான எண்ணம் இல்ல, ஆனா பழைய கதை தெரியணும். 20 லட்சத்துக்கு மேல போனா 85 பர்சென்ட் வரைக்கும் ரேட் வச்சிருந்தாங்க, பேப்பர்ல பயங்கரம், கைக்கு வந்தது வருஷத்துக்கு சுமார் 20 கோடி. வசூல் பண்ற செலவப் பாத்தா கட்டுப்படியாகலன்னு வி.பி.சிங் நிதியமைச்சரா இருந்தப்ப எடுத்தாரு. திருவொற்றியூர்காரரே, நீங்க பயப்படற மாதிரியும் இல்ல. அமெரிக்கால இந்த மாதிரி வரிக்கு ரேட் 40 பர்சென்ட், ஆனா 2026ல ஒண்ணரை கோடி டாலர் வரைக்கும் மத்திய அரசு வரி கெடயாது. உங்க தெருவையே சேத்து வித்தாலும் அதுக்குள்ள அடங்கிடும்.

கே (பெரம்பூர்): அப்ப அந்த மாதிரி லிமிட் வச்சு போடலாமே?

ப: போடலாம். எனக்கே அதுல சம்மதம்தான், 50 கோடிக்கு மேலன்னு வச்சா நம்ம ஏரியால யாருக்கு வலிக்கும்? ஆனா அந்த அளவு இருக்கறவன் சாகற வரைக்கும் சொத்தைத் தன் பேர்ல வச்சிருப்பானா, டிரஸ்ட்ல போட்டுட்டுப் போயிடுவான், மாட்றவன் நடுவுல இருக்கறவன்.

கே (திருவொற்றியூர்): அதத்தான் நானும் சொன்னேன்!

ப: நீங்க சொன்னது வேற. விடுங்க.

கே (கொடுங்கையூர்): அப்பா வீடு வந்தா டாக்ஸ் எவ்ளோன்னு...

ப: ஐயா, முதல் பதில், முதல் பதில்.

கே (எண்ணூர்): மிக்ஜாம் மழைல டிரங்க் பெட்டி முழுகி பத்திரம் அப்பளமாயிடுச்சு சார்.

ப: பதிவான பத்திரம்னா சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல நகல் கெடைக்கும், கூடவே ஈசிக்கும் (வில்லங்கச் சான்று) போட்டுடுங்க. பழைய வீட்டு வரி ரசீது ஒட்டிக்கிட்டு இருந்தா நெழல்ல காய வைங்க. அயர்ன் பாக்ஸ் வைக்காதீங்க, ஒருத்தர் வச்சாரு, இங்க் எல்லாம் துணில வந்துடுச்சு.